கிளிப்பச்சைத் துணி

ஏப்ரல் 12

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

இங்கே அனைவரும் சுகம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? ஊருக்கெல்லாம் ஊசி போட்ட நர்ஸம்மா, தனக்கு ஓர் ஊசி என்றதும் ஆஸ்பத்திரிப் பின்வாசல் வழியாக ஓடிவந்துவிட்டீர்களாமே. உங்கள் மகள் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். என் மருமகளை இவ்வளவு சிரிக்க வைத்ததற்கு நன்றி.

வெள்ளத்தில் வீடிழந்து வந்த குடும்பங்களை எங்கள் மார்க்கெட் குடோனில் தங்கவைத்திருப்பதை எழுதியிருந்தேன். அந்தப் பிள்ளைகளை நம் பேத்தி என் தையல் கடைப் பின்னறையில் உட்காரவைத்து மாலையில் பாடம் சொல்லத் தொடங்கினாள் அல்லவா? இப்போது பின்னறை போதவில்லை. துணி வெட்டும் மேசைக்கு அடியில்கூட வாய்ப்பாடு கேட்கிறது. ரொட்டிக் கடைக்காரர் தன் மாடியைத் திறந்துவிட்டார். மருந்துக் கடைக்காரர் மனைவி கணக்குப் பாடம் எடுக்கிறார். சங்கமாகப் பதிவும் செய்தாயிற்று. தலைவி யார் என்கிறீர்கள்? ஐந்தாம் வகுப்போடு நின்ற உங்கள் சம்பந்திதான்! கையெழுத்துப் போடும்போது பேத்தி பக்கத்தில் நின்று, "பாட்டி, அது பேனா, ஊசி இல்ல. அப்படிக் குத்தாதீங்க" என்கிறாள். மூக்கு உங்கள் வீட்டு மூக்கு. அந்த வாய் எங்கள் வீட்டு வாய், ஒத்துக்கொள்கிறேன்.

முக்கியமான செய்தி இனிமேல்தான். ஜூன் மாதம் முதல் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள், நாற்பது பேரை! அங்கே சீருடை கிடையாது, அவரவர் வீட்டு உடுப்புதான். நம் பிள்ளைகளுக்கு வீடும் இல்லை, உடுப்பும் இல்லை. கேள்விப்பட்ட ஜவுளிக் கடைக்காரர் பெரிய கட்டாகத் துணி அனுப்பிவிட்டார். கிளிப்பச்சை, கண்ணைப் பறிக்கிறது. எல்லாருக்கும் ஒரே மாதிரி நானே தைக்கிறேன். ஒரு காலர்கூடக் கோணலாக இருக்காது. முதல் நாள் அவர்கள் பள்ளிக்குள் வரிசையாக நடந்து போகும் அழகை நீங்கள் வந்து பார்க்க வேண்டும்.

கழுத்தில் அளவு நாடாவோடு,
உங்கள் சம்பந்தி

ஜூன் 24

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

முழங்காலை வைத்துக்கொண்டு முதல் நாள் நீங்கள் வராதது நல்லதாகப் போயிற்று. இப்போது வந்தால் என் முகத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

சேர்ந்த நாற்பது பேரில் பாதிப் பேர் இப்போது பள்ளிக்குப் போவதில்லை. ஒருவனுக்கு வயிற்றுவலி, ஒருத்திக்குத் தலைவலி. ஒரு பயல் பல்வலி என்றான். வாயைத் திற என்றால் அந்தப் பல் விழுந்தே பல நாளாகிறது. பாடம் புரியாமல் இல்லை. மாலை வகுப்புக்கு மட்டும் முண்டியடித்து வருகிறார்கள். ஜூலை நடுவுக்குள் வராவிட்டால் இடங்களை வேறு பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். இவ்வளவு பாடுபட்டுக் கதவைத் திறந்தும் பிள்ளைகள் வாசலோடு திரும்பிவிடுவார்களோ என்று இருக்கிறது.

அம்மாக்கள்தான் சரியில்லை என்று தோன்றுகிறது. பேத்தி ஏதோ சொல்ல வருகிறாள். நான் மெஷினை வேகமாக மிதித்துவிடுகிறேன்.

உங்கள் சம்பந்தி

ஜூலை 1

அன்புள்ள தையல்காரச் சம்பந்திக்கு,

நலம். முழங்கால் இருக்கட்டும்.

நீங்கள் மெஷினை மிதித்ததால் பேத்தி எனக்குப் போன் செய்தாள். பிள்ளைகள் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர், "கிளிக்கூட்டம் வந்துடுச்சு, நகருங்கப்பா" என்கிறாராம். பள்ளியில் ஒரு பென்சில் தொலைந்தால் எல்லாக் கண்ணும் பச்சைச் சட்டைமேல்தான் போகிறதாம். ஒரு சிறுமி பேத்தியிடம் சொன்னாளாம்: "பாட்டி தச்சது ரொம்ப நல்லாருக்குக்கா. ஆனா எங்கள தூரத்துலயே தெரிஞ்சிடுது."

வேலை பார்த்த காலம் முழுக்க நான் வெள்ளை உடுத்தினேன். நோயாளி எங்கிருந்தாலும் என்னைக் கண்டுபிடித்துக் கூப்பிட வேண்டும் என்பதற்காக. இந்தப் பிள்ளைகளை யார் கண்டுபிடிக்க வேண்டும் சொல்லுங்கள்.

தையலில் குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை. பட்டன் அறுந்தால் ஊக்குக் குத்துகிறவள் நான். ஆனால் அம்மாக்கள்மேல் பழியைப் போடாதீர்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில்,
உங்கள் சம்பந்தி

ஜூலை 5

சம்பந்தியம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. வேலை நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
தலைவி

அக்டோபர் 9

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

மூன்று மாதமாக நான் எழுதவில்லை. வேலை இருந்தது உண்மைதான். ஆனால் கோபம் உங்கள்மேல் இல்லை என்று புளுகமாட்டேன். உங்கள்மேல்தான். நீங்கள் சொன்னது சரியாக இருந்ததால் அது இறங்க இத்தனை நாளாயிற்று.

என் கடைசிக் கடிதத்தைத் தபாலில் போட்ட கையோடு குடோனுக்குப் போனேன். அதட்டிக் கேட்கத்தான் போனேன். ஓர் அம்மா எனக்கு உட்காரப் பாய் போட்டுவிட்டுச் சொன்னாள்: "கோவிச்சுக்காதீங்கம்மா. எங்களுக்கு என்ன வேணும்னு எல்லாரும் சொல்றாங்க. யாரும் கேக்கல. எம் பொண்ணுக்கு மஞ்சள்னா உசுரு." இன்னொருத்தி, "நான் கட்டம் போட்ட துணிதான் எடுப்பேன், என் பையனுக்கு அதான் எடுப்பு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைக்கு வந்து படுத்தும் பணக்கார அம்மாக்களும் இதையேதான் சொல்கிறார்கள்!

மறுநாளே கடையிலிருந்து இரண்டு மெஷின்களைக் குடோனுக்குத் தள்ளிப் போனோம். கடை கடையாக ஏறித் துண்டுத் துணி வாங்கி வந்தாள் பேத்தி. அம்மாக்களே நிறம் பார்த்துச் சண்டை போட்டு எடுத்தார்கள், வெட்டினார்கள். நான் கழுத்து வளைவை மட்டும் காட்டிக் கொடுத்தேன். தைத்த பச்சை உடுப்புகளை நானே பிரித்து, நீளமாக இணைத்து, குடும்பத்துக்குக் குடும்பம் நடுவில் திரையாகத் தொங்கவிட்டேன். அதுவரை அந்தப் பெண்கள் உடை மாற்ற இருட்டும்வரை காத்திருந்தார்களாம். தினமும் அங்கே போய் வந்தவளுக்கு இது தெரியவில்லை பாருங்கள்.

கெடுவுக்கு முன்பே பிள்ளைகள் எல்லாரும் பள்ளிக்குத் திரும்பிவிட்டார்கள். மெஷின்கள் திரும்பி வரவில்லை! மார்க்கெட் முழுக்க இப்போது குடோன் தையல்தான். இரண்டு குடும்பம் வாடகை வீட்டுக்கே போய்விட்டது. புதிதாக யார் வந்தாலும் முதலில் உட்காரவைத்துக் கேட்கிறோம், பிறகுதான் எதையும் எடுத்துக் கொடுப்பது. சங்கத்துக்கு இதுதான் இப்போது சட்டம்.

உங்கள் ஊரிலும் பழைய சினிமாக் கொட்டகையில் வீடிழந்த ஆட்களை இறக்கியிருக்கிறார்களாமே. நீங்கள் அங்கே தினமும் போய் உட்கார்ந்திருப்பதாக உங்கள் மகள் சொன்னாள். அடுத்த கிளை அங்கேதான், கூட்டத்தில் முடிவாகிவிட்டது. தலைவி நீங்கள். மறுத்துப் பேச உங்களுக்குத் துணையாக நம் பேத்தியை அனுப்பமாட்டேன், நீங்களே பேசுங்கள்.

நேற்று பள்ளிக்கூடம் விடும் நேரம் கேட் பக்கம் போய் நின்றேன். மணி அடித்ததும் மொத்தக் கூட்டமும் மடை திறந்த மாதிரி வந்தது. எத்தனை நிறம்! கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறேன், நம் பிள்ளை ஒன்றுகூடக் கண்ணில் சிக்கவில்லை. தூணோரம் திகைத்து நின்றவளிடம் ஒரு வாண்டு மூச்சிரைக்க ஓடிவந்து, "யாரத் தேடுறீங்க பாட்டி?" என்றது. குடோன் பிள்ளையோ, ஊர்ப் பிள்ளையோ, எனக்குத் தெரியவில்லை.

"யாரையும் இல்ல. பஸ் வந்துடும், ஓடு" என்றேன்.

என்றும் உங்கள் அன்புச் சம்பந்தி