நூற்றில் எனக்கும் கொஞ்சம்

அன்புள்ள அம்மாவுக்கு,

சிங்கப்பூரிலிருந்து மகள் வார்த்தினியின் சலாம். கிணற்றடியில் விழுந்தீர்களே, இடுப்பு வலி குறைந்ததா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

நான் பார்த்துக்கொள்ளும் மேடம் லாவ் போன வாரம் மறுபடி விழுந்துவிட்டார். பயப்படாதீர்கள், என் மேல்தான் விழுந்தார். முழங்கையில் சின்னச் சிராய்ப்பு, அதுவும் எனக்குத்தான். அடிக்கடி விழுகிற பெரியவர்களுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் மாதாமாதம் போன் செய்து, உங்கள் வாழ்க்கைக்கு நூற்றுக்கு எத்தனை மார்க் கொடுப்பீர்கள் என்று கேட்பார். நேற்றும் கேட்டார்.

"எண்பது போட்டுக்கோ," என்றார் மேடம்.

"போன மாசம் ஐம்பதுதானே சொன்னீங்க? இப்ப விழுந்து வேற இருக்கீங்க!" என்றார் ஸ்பீக்கரில் நர்ஸ்.

"விழுந்தா என்ன? தாங்கிப் பிடிக்க வார்த்தினி இருக்கா. பெத்த பொண்ணு என்னைக்குப் பிடிச்சா?"

பக்கத்திலிருந்த மகள் பெய்ஃபென்னின் முகம் கறுத்துவிட்டது. "அப்ப அவளையே பொண்ணுன்னு எழுதிக்கம்மா," என்று எழுந்து போனாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

சமையலறைக்குப் போன பிறகுதான் அண்ணி சுமியாத்தியின் நினைவு வந்து வயிறு எரிந்தது. எப்போது பேசினாலும், "சுமி எவ்வளவு பதமா குளிப்பாட்டுறா தெரியுமா?" என்கிறீர்கள். நான் இங்கே இன்னொருத்தியின் அம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறேன்.

வழுக்காத செருப்பு அனுப்பியிருக்கிறேன். நான் வாங்கியது என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பழைய கைலி ஒன்றைத் துவைக்காமல் அனுப்புங்கள்.

மேடம் கூப்பிடுகிறார். அங்கே யாராவது உங்களிடம் நூற்றுக்கு எத்தனை என்று கேட்டால், நூற்றையும் அண்ணிக்கே கொடுத்துவிடாதீர்கள். எனக்கென்று ஒரு பத்தாவது ஒதுக்கி வையுங்கள்.

உங்கள் வார்த்தினி