கோயில் வளைவில் முந்தியது

பாப்பாவோட அப்பாவுக்கு,

பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, பயப்படாதீங்க.

சனிக்கிழமை பதுளையில் மாகாண ஓட்டப் போட்டி. நான் ஓடப் பழக்கும் விதுஷா இன்றைக்குப் பயிற்சிக்கு வரவில்லை. நேற்று அவளுக்கு வேகம் கூட்டத்தான் பக்கத்தில் ஓடினேன். கோயில் வளைவில் அவளுக்கு மூச்சு வாங்கியது. பழைய ஓட்டக்காரி புத்தி, அவளை முந்திவிட்டேன்.

"புள்ள பெத்த உங்களையே முந்த முடியல டீச்சர். பதுளைக்குப் போய் என்னத்தக் கிழிக்கப் போறேன்?" என்று அழுதாள்.

"உன்ன வேகமா இழுக்கத்தான்டி முந்தினேன்" என்றேன். பொய்.

பாப்பா பிறந்த பிறகு முதல் தடவையாக ஜெயித்தேனுங்க. அவள் அழும்போதும் உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. விடிந்ததும் அவர்கள் லயத்து வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லிக் கூப்பிடப் போகிறேன்.

இனி அவளோடு ஓடவே மாட்டேன் என்று உங்களுக்குச் சத்தியம் பண்ணத்தான் எழுத உட்கார்ந்தேன். அதை மட்டும் எழுத வரமாட்டேங்குது.

உங்கள் மனைவி