வரப்பைத் தின்ற எந்திரம்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே புழுதிக் காற்று. ராஜபாளையத்திலிருந்து முதல் பஸ். ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிழக்கே, அப்பா எனக்கென்று விட்ட காடு. பருத்திக்கு உழ ஆள் சொல்ல வேண்டும். போய்ப் பார்த்தால் பக்கத்துக் கல்குவாரி நம் வரப்பை ஒட்டி வந்துவிட்டது. குழிக்குள் புதிதாக ஒரு மஞ்சள் எந்திரம். வீடு உயரம். சனியன்.

ஓட்டுவது என் தம்பி கணேசன். வடக்கே நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தவன், போன மாதம்தான் வந்தான். குவாரி வேலை என்றான். எந்தக் குவாரி என்று சொல்லவில்லை.

கை காட்டினேன். இறங்கி வந்தான்.

"அங்க சக்கரம் வச்சுத் தோண்டுத மிசின்லாம் கோபுரம் உசரம்க்கா. இது பொடிசு."

"மிசின் வாளி என் வரப்பைத் தாண்டுச்சுன்னா, நடக்கதே வேற."

"நான் ஓட்டலைன்னா வேற ஒருத்தன் ஓட்டுவான்."

"ஓட்டட்டும். அவனை வாய் நிறைய ஏசிக்கிடுதேன்."

சிரித்தான்.

ஜூலை 10, வியாழன்

மில் வேலைக்கு லீவு போட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் வக்கீல். "திங்கக்கிழமை சர்வேயர் வாராரு. அதுக்குள்ள காடு எங்கயும் ஓடிராதும்மா."

பால்கோவா கால் கிலோ. கணேசனுக்குப் பிடிக்கும். வாங்கிய பிறகுதான் அவனோடு சண்டை என்பது உறைத்தது. பஸ்ஸிலேயே நானே தின்று தீர்த்தேன்.

ஜூலை 12, சனி

காடு ஓடிவிட்டது. வரப்பு இல்லை, எல்லைக்கல் இல்லை, அதை ஒட்டி என் நிலத்திலும் ஒரு துண்டு இல்லை. எல்லாம் குழி.

தம்பி போனை எடுக்கவில்லை. 'நாசமாப் போ' என்று அடித்தேன். அழித்தேன். மறுபடி அடித்து அனுப்பினேன்.

ஜூலை 14, திங்கள்

மேகமூட்டம். மழை இல்லை. சர்வேயர் வந்தார். குவாரி மேனேஜரும்.

"எல்லைக்கல்லு எங்கம்மா இருந்துச்சு?" சர்வேயர் கேட்டார்.

குழிக்கு மேலே வெறும் காற்றைக் காட்டினேன். மேனேஜர் சிரித்தார். "எங்க எல்லைக்குள்ளதான் சார் வெட்டிருக்கோம்."

எந்திரம் நின்றது. கணேசன் இறங்கி வந்தான். என்னைப் பார்க்கவில்லை.

"எங்க அக்கா காட்டுத இடம் சரிதான் சார். கல்லைப் பேத்தது நான்தான். இவரு பேக்கச் சொன்னாரு."

மேனேஜர் கை நீட்டினார். "சாவியக் குடுத்துட்டுக் கெளம்பு."

கொடுத்தான். சர்வேயர் எழுதிக்கொண்டார். அளந்து முடிக்கும்வரை குவாரி வேலை நிறுத்தம். போன மண் போனதுதான்.

பஸ்ஸில் கணேசன் என் பின்னால் வந்து உட்கார்ந்தான்.

"ஏசவாவது செய்க்கா."

திரும்பவில்லை. ராஜபாளையத்துக்கு ரெண்டு டிக்கெட் எடுத்தேன்.