சுதாவின் செடிக்குக் கவாத்து

ஜூலை 9, செவ்.

மழை. காலையில் வடிகாலை ஆழப்படுத்தினேன். வாசலுக்கும் ரோட்டுக்கும் நடுவே கட்டில் அகலத்துக்கு மண். அதற்குள் சுதாவின் ரோஜா, ஒரு கறிவேப்பிலை, அப்பாவின் சேம்பு. தண்ணீர் நின்றால் சேம்புக்குக் கொண்டாட்டம். ரோஜாவுக்கு வேர் அழுகும். ரோஜாவை நடும்போதே மண்ணை ஒரு முழம் உயர்த்தி, அடியில் செங்கல் ஜல்லி போட்டாயிற்று.

செடி நிலவரம்: முழங்கால் உயரம், நல்ல அடர்த்தி. அடி இலைகளில் கரும்புள்ளி. பறித்துப் பையில் கட்டிக் குப்பைக்கு. மொட்டுக் கொத்து மேலே ஒன்று, ரோட்டுப் பக்கம் ஒன்று.

ஃப்ளோரிபண்டா ரகம் என்பதால்தான் எங்கள் தேவாலா மழையில் தாக்குப்பிடிக்கிறது. பெரிய பூ ரகமாக இருந்தால் மொட்டு விரியாமலே பழுத்து, நனைந்த பஞ்சு மாதிரித் தொங்கும். இதில் பூ சின்னது, இதழ் குறைவு, கொத்தாக வரும். ஒன்று அழுகினாலும் பக்கத்தில் இன்னொன்று விரியும். கறுப்பில் போய் முடிகிற சிவப்பு. வாசனை கிடையாது. நான் தேர்ந்தெடுத்ததில்லை. போன வருடம் ஜூனில் ஊட்டி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது சுதாதான் ஜீப்பை நிறுத்தச் சொல்லி வாங்கினாள். எட்டாம் மாதத்திலேயே எங்களுக்குக் குழந்தை. பெண். பிறக்கும்போதே உயிர் இல்லை. மடியில் அந்தத் தொட்டியை வைத்துக்கொண்டு வீடு வரை வந்தாள்.

ஏப்ரலில் கோபியில் இருக்கிற அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். ஒரு மாதம் என்றாள்.

இன்று சாயந்திரம் போன்.

"செடி இருக்குங்களா?"

"இருக்கு."

"மொட்டு?"

"இருக்கு."

"ஞாயித்துக்கெழம அண்ணனோட வர்றேனுங்க. பேசணும்."

மூன்று மாதமாக அவள் என்னிடம் கேட்பது செடியைப் பற்றி மட்டும்தான். செடி நன்றாக இருந்தால் வந்துவிடுவாள் என்று ஒரு கணக்கு எனக்குள். அறிவியல் ஆதாரம் பூஜ்யம்.

ஜூலை 10, பு.

மழை. பசுமைக்குடில் கட்டித்தரும் எங்கள் கம்பெனியில் மிஞ்சிய பிளாஸ்டிக் ஷீட், நான்கு குழாய். செடிக்குக் கூரை போட்டேன். பக்கங்கள் திறப்பு, காற்று ஓட வேண்டும். இலை ராத்திரி முழுக்க ஈரமாக இருந்தால்தான் கரும்புள்ளி பரவும்.

போன ஜூலையில் அவள் குடையை எடுத்துப்போய்ச் செடிக்குப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அரை மணி நேரக் குடையால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று விளக்கினேன். "தெரியுங்க" என்றாள். நின்றுகொண்டுதான் இருந்தாள்.

அப்பா கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "பந்தல் போட்டாச்சு. தாலி எப்படா கட்டறே செடிக்கு?"

நட்டு ஒன்று குறைந்தது. கம்பி வைத்துக் கட்டினேன்.

ஜூலை 11, வியா.

குன்னூர். ஒரு கார்னேஷன் பூத் தோட்டத்தில் காற்றுக்கு ஷீட் கிழிந்துவிட்டது, உடனே போ என்று மேனேஜர். ஞாயிறு லீவ் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். கூடலூரில் பஸ் மாறும்போது காலில் அட்டை. சாக்ஸ் முழுக்க ரத்தம்.

ஜூலை 12, வெ.

வேலை முடியவில்லை. ஏணி வழுக்குகிறது. ரோஜாவில் காய்ந்த குச்சி இரண்டு இருந்ததே என்று மத்தியானம் ஞாபகம். அப்பாவுக்குப் போன் செய்து, "சுதா வர்றதுக்குள்ள அந்தச் செடிக்குக் கவாத்து பண்ணிடுங்கப்பா" என்றேன். "அதுக்கென்ன, பண்ணிட்டாப் போச்சு" என்றார். குரலில் சந்தோஷம். ரிட்டயர் ஆன பிறகு அவரிடம் யாரும் வேலை சொன்னதில்லை.

ஜூலை 13, சனி

எழுதவே கை வரவில்லை.

மத்தியானம் வந்து இறங்கினேன். கூரைக்கு அடியில் செடி இல்லை. ஒரு சாண் உயரத்துக்கு மொட்டைக் குச்சிகள், மேலே மேசை மாதிரி மட்டம். வெட்டிய கிளைகளை மொட்டோடு அதன்மேலேயே கவிழ்த்து வைத்திருந்தார்.

"என்னப்பா இது?"

"கவாத்து. நீதானடா சொன்னே."

"ரோஜாவுக்குப்பா."

"ரோஜான்னா என்ன, செடிதான? பாரு, ஒரு வெட்டுலகூடத் தோல் கிழியல."

"மேல எதுக்குக் குப்பையப் போட்டு வச்சிருக்கீங்க?"

"வெயில் அடிச்சாக் குச்சி வெந்துபோகாது?"

வெயில். ஜூலையில். தேவாலாவில்.

கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று எழுதப் போவதில்லை. அவர் கவாத்துக் கத்தியை லுங்கியில் துடைத்துக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாக, "அம்மிணி வர்றதுக்குள்ளன்னு சொன்னியே, அதான் காலைலயே வெட்டுனேன்" என்றார்.

யாரிடம் கோபித்துக்கொள்வது? தேயிலையில் கவாத்து என்றால் புதரை மட்டமாக வெட்டி எலும்பாக விடுவது. ஆயுசு முழுக்க எஸ்டேட்டில் அதைத்தான் செய்தார். எங்கள் தோட்டக்கலைப் புத்தகத்தில் ரோஜாவுக்கும் அதே சொல்தான். காய்ந்த குச்சி, உள்ளே திரும்பிய கிளை, அவ்வளவுதான் அங்கே அர்த்தம். அவர் பிள்ளையான எனக்கு இரண்டு அர்த்தமும் தெரியும். வாயில் ஒற்றைச் சொல்தான் வந்தது.

வெட்டுகள் சுத்தம். சாய்வு சரி. செடி சாகாது. ஆனால் நாளைக்குப் பூக்காது.

கூடலூரில் வேறு செடி வாங்கி நட்டுவிடலாமா என்று யோசித்தேன். அவளுக்குத் தெரிந்துவிடும்.

ஜூலை 14, ஞா.

தூறல். காலை பஸ்ஸில் வந்தார்கள். சுதாவுக்கு வெயில் பட்ட நிறம், நல்ல தூக்கம் தூங்கிய முகம். நன்றாக இருந்தாள். அங்கேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

வாசலில் நின்று பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "நாந்தான் அம்மிணி. கவாத்துன்னு சொன்னான். எனக்குத் தெரிஞ்ச கவாத்து அதுதான்."

சுதா சிரித்தாள். ஒரு வருடத்துக்கு மேலாகக் கேட்காத சிரிப்பு. "தேயிலை மாதிரியேங்களா மாமா? கொழுந்து வந்தா ஃபேக்டரிக்கு அனுப்பலாம்" என்றாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவரும். நானும் அவள் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

உள்ளே டீ. அண்ணன்தான் ஆரம்பித்தார். "மாப்ள, திருப்பூர்ல ஒரு கம்பெனில அக்கவுண்ட்ஸ் வேலைங்க. சேந்துட்டா. அப்பறம்..."

"நானே சொல்றேண்ணா." டம்ளரைக் கீழே வைத்தாள். "நான் இனி இங்க வரலைங்க."

"மழை செப்டம்பர்ல கொறஞ்சிரும்" என்றேன்.

"மழை இல்லீங்க."

"நானும் திருப்பூருக்கே வந்துடறேன். அங்க எனக்கு வேலை கெடைக்கும்."

"வேண்டாங்க." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "உங்களப் பாத்தா எனக்கு அவதான் தெரியறா. உங்க மூக்குங்க அவளுக்கு."

எனக்குத் தெரியாது. நான் குழந்தையைப் பார்த்தது ஒரு நிமிடம், துணி சுற்றியிருந்தது.

இதற்கு மருந்து, மாற்று ஏற்பாடு எதுவும் என்னிடம் இல்லை. மூக்கை என்ன செய்வது?

சேலைகளை எடுத்து வைத்தாள். கடைசியில், "அந்தப் பை?" என்றாள். குழந்தைக்குத் தைத்த சட்டைகள். அலமாரியில் மேல்தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். முகத்துக்குப் பக்கத்தில் வைத்து மோந்தாள்.

"பூசணமே புடிக்கலீங்களே. இந்த ஊட்ல செருப்புக்கூடப் பூக்குது."

"ஈரம் இழுக்கற சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டிருக்கேன். மாசாமாசம் மாத்துவேன்."

என்னை நேராகப் பார்த்தாள், வந்ததிலிருந்து முதல் முறை. பிறகு சட்டைகளுக்கு நடுவிலிருந்து அந்தச் சின்னப் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக உருவி என் கையில் வைத்தாள்.

"அங்க இது வேண்டாங்க. காஞ்ச ஊருதான்."

மத்தியான பஸ். அப்பாவிடம் மட்டும், அவள் திரும்பி வரப்போவதில்லை என்று யாரும் சொல்லவில்லை. டீ நேரம் முழுக்க அவர் வெளியே வாசல் மண்ணில் இருந்தார், இவளுக்குக் கொடுத்தனுப்பச் சேம்பு தோண்டிக்கொண்டு.

ஜூலை 15, தி.

மழை. ஆபீஸ். இரண்டு கொட்டேஷன் தப்பாகப் போட்டேன்.

ஜூலை 18, வியா.

மழை விட்டிருக்கிறது. பனி. குச்சிகளில் அங்கங்கே சிவப்பாகக் கண் உப்பியிருக்கிறது. அப்பாதான் முதலில் பார்த்தது. குனிந்தவர் நிமிரவில்லை.

"டேய் தம்பி, துளிர் வந்துருச்சு. போட்டோ புடிச்சு அம்மிணிக்கு அனுப்புடா."

பிடித்தேன். போட்டோவில் மண்ணும் குச்சியும்தான் தெரிகிறது. அனுப்பாமல் போனைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"அம்மிணி என்ன சொல்லுச்சு?"

நான் பொய் சொல்லாதவன். அதனால்தான் ஆபீஸில் யாருக்கும் என்னைப் பிடிக்காது.

"பூத்ததும் பாக்க வர்றேன்னு சொன்னாப்பா."

அப்பா தலையாட்டினார். கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே, "எந்த மாசம் பூக்கும்?" என்றார்.

செப்டம்பர் என்றேன்.