ரங்கூனிலிருந்து வந்த காத்தாடி

பொந்தியான்
ஆகஸ்டு 1934

அன்பு மகன் ஸ்டானிஸ்லாஸுக்கு அம்மா எழுதுறது. மாதா தயவுல அப்பாவும் நானும் உன் தங்கச்சி செசிலியாவும் சுகமா இருக்கோம், ரங்கூன் மழையில நீயும் உடம்பைப் பார்த்துக்கிட்டு நல்லா இருக்கணும்னு செபமாலையில தினமும் கேட்டுக்கிறேன். செசிலியாவுக்கு இருமல் விட்டுருச்சு. இந்த வருசம் அன்னாசி நல்ல விளைச்சல், அப்பா படகுக்கு ஓய்வே இல்ல.

நீ வேலை பார்க்கிற பட்டறையில தேடிப் பிடிச்சு அனுப்பின படகு மோட்டார் காத்தாடி வந்து சேர்ந்ததுப்பா. பழையது தண்ணிக்குள்ள கிடந்த மரக்கட்டையில அடிச்சு ஒரு இதழ் நுனி உடைஞ்சதுலேருந்து படகு நடுங்கிக்கிட்டே ஓடினது உனக்குத் தெரியும். புதுசை மாட்டி அப்பா வெறும் படகை ஓட்டிப் பார்த்தார், அம்பு மாதிரி போச்சு, கரையில நின்னவங்க எல்லாம் வாயைப் பிளந்தாங்க. இறங்கி வந்தவர் மட்டும், இதழுக்குச் சாய்வு கொஞ்சம் அதிகமோன்னு முனகினார், அப்புறம் பையன் ஆசையா அனுப்பினது, இருக்கட்டும்னு விட்டுட்டார்.

இனிமே எழுதப்போறதை உனக்குச் சொல்லவே கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்கார். போன வாரம் ஆத்துக்கு மேல உள்ள தோட்டத்துலேருந்து ஆள் வந்தது, வீரமுத்து பெண்சாதி ராசம்மாவுக்குப் பிரசவ வலி, பிள்ளை குறுக்கே கிடக்கு, ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போகணும்னு தோட்டத்துல வைத்தியம் பார்க்கிற டிரெஸர் சொல்லிட்டாராம். துணைக்கு நானும் போனேன். ராசம்மா, அவ புருசன், மாமியா, டிரெஸர், சாமான் மூட்டை எல்லாம் ஏறினதும் படகு தாழ்ந்துருச்சு. திரும்பி வர்றப்ப கடல்தண்ணி ஆத்துக்குள்ள எதிர்த்து ஏறிக்கிட்டிருந்தது. பாதி தூரத்துல மோட்டார் மலை ஏறுற மாட்டு வண்டி மாதிரி திணறி, புகை கக்கி, சூடேறி நின்னே போச்சு. படகு வந்த வழியே பின்னால போகுது, ராசம்மா என் கையைப் பிடிச்ச பிடியில என் வளையல் நெளிஞ்சது. மாமியா, ஐயா எங்க பிள்ளையைக் காப்பாத்துங்கன்னு அப்பாவைப் பார்த்து அழுதுச்சு. அவர் துடுப்பு போட்டு கரையோரப் பாக்காவ் மரவேர்ல படகைக் கட்டி, இடுப்பளவு சேத்துல இறங்கி, உன் காத்தாடியைக் கழற்றி, பலகைக்கு அடியில கிடந்த அந்த உடைஞ்ச பழசையே திரும்ப மாட்டினார். மோட்டார் ஆறினதும் இழுத்தார், பிடிச்சது. பல்லெல்லாம் ஆடுற மாதிரி நடுக்கம், ஆனா படகு தண்ணியைத் தள்ளிக்கிட்டு முன்னால போச்சு. ஆஸ்பத்திரியில வெள்ளைக்கார டாக்டர் அறுத்துத்தான் எடுத்தார். தாயும் பெண் குழந்தையும் பிழைச்சுட்டாங்க, ஆண்டவருக்குத் தோத்திரம்.

அன்னைக்கு அப்பா சாப்பிடல. சாய்வு அதிகம், பாரம் ஏத்தினா மோட்டார் திணறும்னு தெரிஞ்சும் வாய் மூடி இருந்தேனேன்னு ஒரு தடவை சொன்னார், அவ்வளவுதான். அப்புறம் சீனர் கடையில ரெண்டு காத்தாடி வாங்கிட்டு வந்து, படகு நிறைய அன்னாசி ஏத்தி, ஏறுற தண்ணியை எதிர்த்து ஒண்ணொண்ணா ஓட்டிப் பார்த்தார். சாய்வு குறைஞ்சது மெதுவாத்தான் போகுது, ஆனா மோட்டார் மூச்சு முட்டாம சுத்துது. அதையே வச்சுக்கிட்டார்.

இதை உன்மேல குறை சொல்ல எழுதல சாமி. நீ நாலு பேருக்கு மோட்டார் பார்த்துக் கொடுக்கிறவன், நாங்க மறைச்சா வேற ஒரு ஆத்துல வேற ஒரு ராசம்மா தவிப்பா, அதனாலதான் அப்பா பேச்சை மீறி எழுதுறேன். காத்தாடி கேட்டு யார் வந்தாலும், எவ்வளவு வேகம் வேணும்னு முதல்ல கேட்காதே. யாரை ஏத்திக்கிட்டுப் போவீங்கன்னு கேளு.

ஞாயிற்றுக்கிழமை பூசையை விடாதே, ஈரத் துணியோட நிக்காதே. சேசு மரி சூசை உன் கூடவே இருந்து காப்பாங்க.

உன் அம்மா,
சூசையம்மாள் லூயிஸ்