டேப் ஒட்டிய பொத்தான்

நம் பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சுகம்தான். அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. உன் தம்பி போன் எடுக்கவில்லை என்று கோபப்படாதே. அவன் வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன.

தகடு வெட்டும் எங்கள் பிரஸ் மெஷினில் இரண்டு கையாலும் இரண்டு பொத்தானையும் சேர்த்து அமுக்கினால்தான் அச்சு இறங்கும். வேலை சீக்கிரம் ஓடட்டும் என்று ஒரு பொத்தானை அமுக்கி டேப் ஒட்டிவிடுவது என் கெட்டிக்காரத்தனம். அன்று டேப்பை உரிக்காமல் வந்துவிட்டேன். அடுத்த ஷிப்டில் அவன் தகடு வைக்கும்போது இடது கை மற்ற பொத்தானில் பட்டுவிட்டது.

“அவனுடைய கவனக்குறைவு” என்று கம்பெனி நீட்டிய தாளில் சாட்சிக் கையெழுத்தும் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் அவன் மெதுவாகச் சொன்னான்: “சூப்பர்வைசர் வர்றதுக்குள்ள இடது கையால டேப்பப் பிச்சுட்டேன் மாமா. அக்காவுக்குத் தெரிய வேணாம்.”

உனக்குத் தெரியட்டும்.

உன் வீட்டுக்காரன்