மாமியார் கல்லறையில் எனக்கு இடமில்லை

செப்டம்பர் 11, 2024

காலையில் காபியோடு இவர் கேட்ட கேள்வி: "மேரி, பூ வண்டி வேணுமா, வேணாமா?"

யாருக்கு என்றேன். "எனக்குத்தான்."

டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். பாதிக் காபி மிச்சம் இருந்தது. இருக்கட்டும். இதயம் பாதிதான் வேலை செய்கிறது என்று டாக்டர் சொன்னதிலிருந்து இவருக்குத் தன் அடக்கச் செலவைத் தவிர வேறு பேச்சே இல்லை.

செப்டம்பர் 14

இவர் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. இவருடைய அண்ணன் இறந்த அன்று, அழுதுகொண்டிருந்த அண்ணியிடம் ஆளாளுக்கு வந்து கேட்டார்கள். தேக்குப் பெட்டியா? பேண்டு வைக்கலாமா? கல்லறைக்கு மார்பிளா? எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு வருஷக்கணக்கில் வட்டி கட்டினார்.

"உன்ன அப்படி உக்கார வெக்க மாட்டேன்" என்கிறார். சரிதான். ஆனால் உயிரோடு இருக்கிற மனுஷன் வாயால் இதைக் கேட்க என்னால் முடியாது. முடியாதுன்னா முடியாது.

செப்டம்பர் 19

சிரிப்பதா, அழுவதா?

நேற்று இவர் என்னிடம் சொல்லாமல் சவப்பெட்டி செய்கிற கடைக்குப் போய், விலை கேட்டு, தன் உயரத்தையும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அங்கே நின்ற யாரோ "முதலியார்பேட்டை லூர்துநாதனுக்குப் பெட்டி" என்பதை மட்டும் காதில் வாங்கிப் பரப்ப, சேதி ரெட்டியார்பாளையத்தில் இருக்கும் என் தம்பி விக்டர் வரை போய்விட்டது. ஒரு போன் பண்ணிக் கேட்க வேண்டாமா அவன்? காலையில் ஆட்டோவில் வந்து இறங்கினான். ஒரு கையில் ரோஜா மாலை. இன்னொரு கையில் எனக்குக் கோடிப் புடவை — புருஷன் போனால் பிறந்த வீடு கொண்டுவருமே, அது. கதவைத் திறந்தது இவர்.

"மாமா..." என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். இவர் மாலையை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பிரெஞ்சில் நன்றியும் சொல்லி, "மெர்சி மச்சான். இந்தச் செலவும் மிச்சம்" என்றார்.

மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு நான் சமையலறைக்குப் போய் அழுதேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

கோடிப் புடவையைக் கட்டிக்கொண்டு பூசைக்குப் போனேன், இவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அவசரத்தில் எடுத்தாலும் நல்ல மாம்பழ மஞ்சள். துக்கத்துக்கு வந்த புடவையை இவர் கண் பார்க்கக் கட்டியாயிற்று. இனி அது வெறும் புடவை. இவர் பிரசங்கத்தைக் கேட்டதாகத் தெரியவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 3

ஒருவழியாக இன்று உட்கார்ந்து கேட்டேன். சாதாரணப் பெட்டி. பேண்டு கிடையாது. பூ வண்டி வேண்டாம், பெட்டி எடுக்கக் கோவிலில் தரும் வண்டியே போதும். புதுக் குழிக்கு இடம் வாங்குவதும் வீண் செலவாம். இவர் அம்மாவின் கல்லறையைத் திறந்து அதிலேயே வைத்துவிடலாம் என்றார். பங்கு அலுவலகத்தில் கேட்டுவிட்டாராம், ஒருவருக்கு இடம் இருக்கிறதாம்.

"ஒருத்தருக்கா?"

"ஆமா. இருக்கறதுலயே அதான் கம்மி."

அந்த அம்மாவோடு ஒரே அடுப்படியில் இருபது வருஷம் இருந்தவள் நான். என் புருஷனை முழுசாக என்னிடம் கொடுத்த நாளே இல்லை. "அப்ப நான் எங்க போறது?" — கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

எல்லாவற்றையும் யோசித்த மனுஷன் இதை யோசிக்கவில்லை. கடன் இல்லாமல் இருப்பேனா என்று பார்த்தாரே, தனியாக் கெடப்பேனேன்னு பாத்தாரா?

அக்டோபர் 4

நேற்று எழுதியதைப் படித்தால் வெட்கமாக இருக்கிறது. கிழிக்கப் போவதில்லை.

அக்டோபர் 9

இருவருமாகப் பங்கு அலுவலகம் போனோம். புது இடம் எடுத்திருக்கிறோம். ஆழமாகத் தோண்டி முதலில் ஒருவர், பிறகு அவருக்கு மேலே மற்றவர். பெட்டியிலும் பேண்டிலும் பூவிலும் மிச்சம் பிடித்ததெல்லாம் அதற்கே சரியாகிவிட்டது. மார்பிளையும் விட்டுவிட்டோம், சும்மா ஒரு கல் போதும்.

"யாரும்மா முதல்ல?" என்று கேட்டுவிட்டு அலுவலகத்தில் இருந்த பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நான்தாம்மா. இதுலயாவது இவள முந்திக்கறேன்" என்றார் இவர். வரும் வழியில் எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். கல்யாணமான புதிதில் வாங்கிக் கொடுத்தது, அப்புறம் இப்போதுதான்.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். மாமியாருக்கு மெழுகுவத்தி ஏற்றினேன். கோவிச்சுக்காதீங்க அத்தை.

ஜனவரி 28, 2025

இன்று இவரால் தானாகக் குளிக்க முடியவில்லை. நான்தான் முதுகு தேய்த்துவிட்டேன். "ஒன் கை சில்லுனு இருக்கு மேரி" என்றார். எடுக்கட்டுமா என்றேன். வேண்டாம் என்றார்.

பிப்ரவரி 17

போய்ட்டாரு.

பிப்ரவரி 20

நேற்று முன்தினம் அடக்கம். அண்ணியிடம் வந்த மாதிரியே என்னிடமும் வந்தார்கள். "பேண்டு கூட இல்லன்னா எப்படி? நாலு பேரு என்னா பேசுவாங்க?" என்றார் இவருடைய சித்தப்பா மகன். பேசட்டும் என்றேன். அழுதுகொண்டேதான் சொன்னேன், ஆனால் தலையாட்டவில்லை.

குழியை எட்டிப் பார்த்த விக்டர், "என்னக்கா, இவ்ளோ ஆழம்?" என்றான்.

"மேல நான் வரணும்ல."

அதுவரை அழாமல் எல்லா வேலையும் பார்த்துக்கொண்டிருந்தவன், என் தோளில் சாய்ந்து அழுதான்.

மார்ச் 30

கல் வெட்டுகிறவர் போன் செய்தார். பெயரையும் தேதியையும் வாசித்துக் காட்டினார். எல்லாம் சரி.

"கீழ எடம் வுடணுமாம்மா? வுட்டா பாக்க மொட்டையா இருக்கும்."

"இருந்தா இருக்கட்டும். ஒரு பேர் எழுதற அளவுக்கு விடுங்க" என்றேன்.

யார் பேரும்மா என்று கேட்டார். சொன்னேன். அவசரமில்லை என்றும் சொல்லிவைத்தேன்.